சிறுநீரகக் கல்லும் கமக்காரரின் கைமருந்தும்

பெரும்போக நெல் முற்றி அரிவாள் வயலில் இறங்கும் மாசி, பங்குனி மாதங்கள் கண்டிப் பகுதியில் மழை குறைந்த மாதங்களாகும். காலையில் மலைக்குளிர் இருப்பினும், பத்து மணிக்குப் பின்னர் வெயில் கடுமையாக எறிக்கின்றது. இத்தகைய நாளொன்றில், முதுகின் ஒருபுறத்தே விலாவின் கீழ்த் தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் கொடிய நோவினால் வரப்பிலேயே சுருண்டு விழுந்த ஒருவரைப் பற்றி நம்முட் பலர் கேள்வியுற்றிருப்பர். அறுவடைக்கு ஆள் கிடையாத வேளையில் வீட்டுத் தலைவர் நான்கு நாள் படுக்கையிற் கிடப்பாராயின் முற்றிய கதிர் உதிர்ந்து போம். பறிக்க வேண்டிய போஞ்சி கொடியிலேயே முற்றி விலைபோகாது ஒழியும். முன்னோர் கல்லடைப்பு என்றழைத்த சிறுநீரகக் கல்நோய் இதுவேயாகும்.

பயிரைப் பற்றிப் பேச வேண்டிய விவசாயப் போதனாசிரியர் நோயைப் பற்றிப் பேசுவது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். இந்நோய்க்கு மருந்தெனச் சொல்லப்படுவன யாவும் நமது வேலியிலும் தோட்டத்திலும் வயல் வரம்பிலும் வளர்வனவே என்பதே விடையாகும். தேசிக்காய், வாழைத்தண்டு, கொள்ளு, நெருஞ்சில், பொல்பலா, இளநீர், பிலிம்பி என ஒவ்வொரு கிராமத்திலும் ஒவ்வொன்றைப் போற்றுவர். இவற்றுட் சில நன்மை பயப்பன. சில தீங்கற்றன, ஆயின் சொல்லப்படும் அளவிற்குப் பயன் தருவன அல்ல. ஒன்றிரண்டோ சிறுநீரகத்தையே கெடுக்க வல்லன. நெல்லையும் புல்லையும் பிரித்தறியும் கமக்காரர் இவற்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

கல் உண்டாகும் விதம்

ஆனையிறவு உப்பளத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்குதல் எளிது. பாத்தியிற் கட்டிய கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற, அதிற் கரைந்திருந்த உப்பு கரைந்திருக்க இடமின்றிப் பளிங்காகப் படிகின்றது. நம் உடலிலும் இதுவே நிகழ்கின்றது. இரத்தத்திலுள்ள கழிவுகளைச் சிறுநீரகம் நீரிற் கரைத்து வெளியேற்றுகின்றது. வெயிலில் உழைத்து வியர்வையாக நீர் போய்விடின் சிறுநீர் குறைந்து செறிவடைகின்றது. அப்பொழுது அதிலுள்ள கல்சியமும் ஒட்சலேற்று என்னும் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய பளிங்குகளாகின்றன. அவை மேலும் மேலும் திரண்டு கல்லாகின்றன. கற்களுள் மிகப் பெரும்பாலானவை இக் கல்சியம் ஒட்சலேற்றுக் கற்களே. மத்திய மலைநாட்டு நோயாளரிடமிருந்து எடுத்த கற்களைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட கட்டுரையிலும் இவ்வகைக் கற்களே முதலிடம் பெற்றன.

கல் சிறுநீரகத்துள் அசையாதிருக்கும்வரை பலருக்கு நோவு தெரிவதில்லை. அது சிறுநீரகத்தினின்று இறங்கும் ஒடுங்கிய குழாயிற் சிக்கும்போதே மேற்கூறிய வேதனை உண்டாகின்றது. கரையாத மருந்துத்துகள் தெளிகருவியின் மூக்கை அடைக்க, பின்னாலுள்ள அமுக்கம் குழாயைப் புடைக்கச் செய்வதைக் கண்டிருப்பீர்கள். அடைப்பு நெடுநாள் நீடிப்பின் அப்பக்கத்துச் சிறுநீரகம் பழுதடையும். நோவு தணிந்துவிட்டதென்று எண்ணி வாளாவிருப்பதும் இதனாலேயே தவறாகின்றது. நோவு நின்றும் அடைப்பு நிற்றல் உண்டு.

இவ்விடத்தில் ஒரு பிழையான எண்ணத்தையும் களைந்துவிடுதல் நன்று. திகண, குண்டசாலை முதலிய இடங்களிற் சுண்ணக்கற் பாறை நிலத்தடியே ஓடுகின்றது. அங்குள்ள கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெண்மையான செதில் படிவதைக் கண்டு, அதுவே வயிற்றினுள்ளும் கல்லாகின்றதென்று அஞ்சி நீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோர் உளர். கேத்தலிற் படிவது கல்சியம் காபனேற்று. அது வேறு, சிறுநீரகக் கல் வேறு. நீரின் கடினத்தன்மையே கல்லுக்குக் காரணமென நிலைநாட்டப்படவில்லை. ஆனால் நீரைக் குறைத்தாற் கல் வரும் என்பது நன்கு நிலைநாட்டப்பட்டுள்ளது. சுவை பிடியாவிடின் பீலித் தண்ணீரையோ மழைநீரையோ காய்ச்சி ஆறவைத்துக் குடிக்கலாம்.

முதல் மருந்து நீர்

ஒரு முறை கல் வந்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுகளுள் மீண்டும் வருகின்றது. இதனைத் தடுக்கும் வழிகளுள் தண்ணீரைப் போல் நன்கு சோதிக்கப்பட்டது பிறிதொன்றில்லை. இத்தாலி நாட்டில் முதன்முறை கல் கண்ட 199 பேரை இரு கூட்டமாகப் பிரித்து ஐந்து ஆண்டு கவனித்தனர். நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்கு மேற் சிறுநீர் கழியுமாறு நீர் குடித்த கூட்டத்தில் நூற்றுக்குப் பன்னிருவருக்கே மீண்டும் கல் வந்தது. வழமைபோல் இருந்த கூட்டத்திலோ நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வந்தது. இம்முடிவு 1996 இல் வெளியாயிற்று. காசு செலவில்லாத மருந்தொன்று இவ்வளவு பயன் தருமாயின் அதை மருந்தென்று கருதாதிருப்பது நமது குறையேயாம்.

எவ்வளவு குடிப்பது? இரண்டு முதல் இரண்டரை லீற்றர் சிறுநீர் கழிய வேண்டுமெனின், நிழலில் இருப்பவர் மூன்று லீற்றர் அளவிற் குடித்தல் வேண்டும். வெயிலில் மண்வெட்டி பிடிப்பவருக்கு வியர்வை போவதற்கு ஈடாக மேலும் தேவை. வீடுகளிற் கிடைக்கும் 750 மில்லிலீற்றர்ப் போத்தலால் அளப்பின் நான்கு போத்தல் குறைந்த அளவாகும். வயல் வேலை நாளில் ஐந்து, ஆறு எனக் கொள்ளலாம். இதனை ஒரே மூச்சிற் குடித்தலாகாது. துயிலெழுந்தவுடன் ஒரு குவளை, வயலுக்கு இறங்குமுன் ஒரு குவளை, பின்னர் மணிக்கொருமுறை சிறிது சிறிதாக எனப் பகிர்ந்து கொள்க. படுக்கப் போகுமுன் ஒரு குவளை குடிப்பதும் அவசியம். இரவிலேயே சிறுநீர் மிகவும் செறிகின்றது. நள்ளிரவில் ஒருமுறை எழ நேரிடின் அதனைத் தொல்லையென்று கருதற்க; அப்பொழுதும் சில மிடறு குடித்துவிட்டுப் படுக்க. இருதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்காக நீரைக் குறைக்குமாறு வைத்தியர் பணித்தவர்க்கு மாத்திரம் இவ்விதி பொருந்தாது.

அளந்து குடிக்க இயலாதார்க்கு நிறமே அளவுகோல். சிறுநீர் புதுவைக்கோலினும் வெளிறியிருப்பின் போதிய நீர் குடிக்கின்றீர்கள். வெறுந் தேநீர் போற் சிவந்திருப்பின் மிகக் குறைவு. கண்டியின் குளிர்ந்த காற்று நாவறட்சியை மறைத்துவிடுகின்றது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பவர் எப்போதும் பிந்திவிடுகின்றார்.

வயற்கூட்டங்களில் நான் இதனைச் சொல்லும்போதெல்லாம் ஆண்கள் தலையசைப்பர், பெண்கள் பேசாதிருப்பர். காரணம் பின்னரே எனக்கு விளங்கிற்று. நாற்று நடவும் மரக்கறி ஆயவும் வரும் பெண்கள் காலை முதல் மாலை வரை ஒதுங்குவதற்கு மறைவிடம் இல்லையென்பதால் வேண்டுமென்றே நீர் குடியாதிருக்கின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. வேலைக்கு ஆள் அழைக்கும் கமக்காரர் வயலுக்கு ஒரு குடம் காய்ச்சிய நீரை அனுப்புவதோடு, கிடுகாலோ சாக்காலோ அடைத்த ஒதுக்கிடம் ஒன்றையும், கைகழுவ நீரையும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில், பள்ளத்திற்கு மேலன்றிக் கீழே அதனை அமைத்திடுக. இது கூலியின் ஒரு பகுதியேயன்றித் தருமமன்று.

தோட்டத்து மருந்துகள்

தேசிக்காயை முதலிற் சொல்லுதல் தகும். அதன் புளிப்பிலுள்ள சித்திரேற்று என்னும் பொருள் சிறுநீரிற் சேர்ந்து, கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பளிங்காதலைத் தடுக்கின்றது. வைத்தியர் கொடுக்கும் பொற்றாசியம் சித்திரேற்று மருந்தும் இதே வழியிலேயே வேலை செய்கின்றது. ஆயின் தேசிச்சாறு அம்மருந்தினும் வலிமை குறைந்தது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தேசிக்காயைப் பிழிந்து நீரிற் கலந்து பலமுறையாகக் குடித்தல் நலம். நம்மவர் வழக்கப்படி அதில் உப்பிட்டுக் குடிப்பின் வந்த நன்மை போயிற்று. சீனியைக் கொட்டுவதும் அத்தகையதே. குடித்தபின் வாயைக் கொப்பளியாவிடிற் பற்கூச்சம் உண்டாகும். விலை ஏறும்போது தேசிக்காய் எட்டாக்கனியாவதை யாவரும் அறிவோம். கிணற்றடியில் ஒரு தேசிமரம் நிற்பின் அக்கவலையில்லை.

இளநீரும் செவ்விளநீரும் பொற்றாசியமும் நீரும் தருவன. இளநீர் அருந்தியவர் சிறுநீரிற் சித்திரேற்றுக் கூடியதைச் சிறிய ஆய்வொன்று காட்டியுள்ளது. வெயில் நாளிற் சீனிப்பானத்தை விட இது எவ்வளவோ மேலானது. ஆயினும் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்க்குப் பொற்றாசியம் இருதயத்தைத் தாக்குமாதலால், அத்தகையோர் வைத்தியரைக் கேளாது அருந்தலாகாது.

வாழைத்தண்டைக் கறியாகவும் சாறாகவும் உண்ணும் வழக்கம் நம்மிடம் பழமையானது. எலிகளில் நடத்திய சோதனைகளிற் சிறுநீரின் ஒட்சலேற்றை அது குறைத்தது என்பது உண்மையே. எலிக்குப் பொருந்தியது மனிதர்க்கு எவ்வளவு பொருந்தும் என்பது போதிய அளவிற் சோதிக்கப்படவில்லை. குலை வெட்டிய பின் வீணே அழுகும் தண்டைக் கறியாக்கி உண்பதில் நட்டமொன்றுமில்லை. கல்லைக் கரைத்துவிடும் என்று அதனையே நம்பியிருத்தல்தான் தவறு. கொள்ளு அவித்த நீருக்கும் இதுவே பொருந்தும்.

நெருஞ்சிலும், சிங்கள அயலவர் பொல்பலா என வழங்கும் சிறுபீளையும் சிறுநீர் பெருக்குவன எனச் சித்த, ஆயுள்வேத வைத்தியர் இருவரும் கூறுவர். சில நாட்களுக்கு ஒரு குவளை இளங்கசாயமாகக் குடிப்போர் உண்மையில் ஒரு குவளை நீரையும் சேர்த்தே குடிக்கின்றனர். பயனிற் பெரும்பகுதி அந்நீரினதே என்பது என் கருத்து. பார்லித் தண்ணீரும் அவ்வாறே. எனினும் பொல்பலா கீரைகளைச் சேர்ந்த குடும்பத்துச் செடியாதலின், கெட்டியாகக் காய்ச்சி மாதக்கணக்கிற் குடிப்பதை நான் விரும்பேன். பதிவு பெற்ற ஆயுள்வேத அல்லது சித்த வைத்தியரின் கண்காணிப்பிலேயே நீண்டநாட் கசாயம் கொள்ளற்பாலது.

தொடக்கூடாத சாறுகள்

இப்பத்திரத்திற் பிறவற்றை மறந்தாலும் இதனை மறக்கலாகாது. பிலிம்பி அல்லது பிலிங் எனப்படும் புளிப்புக் காயிலும், காமரங்கா என அழைக்கப்படும் தமரத்தையிலும் ஒட்சலேற்று மிகுதியாக உண்டு. கொழுப்பைக் குறைக்கும், நீரிழிவைத் தணிக்கும், கல்லைக் கரைக்கும் என்றெல்லாம் சொல்லி இவற்றின் சாற்றைக் குவளை குவளையாகக் குடிப்பிக்கின்றனர். அவ்வாறு குடித்தபோது ஒட்சலேற்று ஒருமிக்கச் சிறுநீரகத்தை அடைந்து, அதன் நுண்குழாய்கள் எல்லாவற்றிலும் பளிங்காகப் படிந்து, ஓரிரு நாளிற் சிறுநீரையே நிறுத்திவிடுதல் உண்டு.

கேரளத்தில் ஐந்து வைத்தியசாலைகளில் இவ்வாறு பிலிம்பிச் சாறு குடித்து வந்த பத்து நோயாளரைப் பற்றிய செய்தி 2013 இல் வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. அவருள் எழுவருக்கு இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டி நேர்ந்தது. அது கடல் கடந்த செய்தியென்று ஒதுக்கிவிடற்க. 2015 இல் கண்டி, பேராதனை ஆகிய இடங்களின் வைத்தியர்கள் காமரங்காவினாற் சிறுநீரகம் கெட்ட இருவரைப் பற்றி எழுதியுள்ளனர். ஒருவருக்குத் திடீரெனக் கேடு விளைந்தது; மற்றவர்க்கு நெடுநாள் உண்டதால் நாட்பட்ட நோயாகவே நிலைத்துவிட்டது.

கறிக்குப் புளிப்பாக இரண்டொரு பிலிம்பிக்காய் இடுவதைப் பற்றி நலமுள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. வெறுவயிற்றிற் சாறாகக் குடித்தலையே விலக்குக. நீரிழிவுள்ளவரும் சிறுநீரக நோயுள்ளவரும் இவ்விரண்டையும் அறவே நீக்குதல் வேண்டும். நீரிழிவுக்காரரே இச்சாற்றைப் பெரிதும் நாடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

உணவில் மாற்ற வேண்டுவன

கல் கண்டவுடன் பாலையும் தயிரையும் நெத்தலிக் கருவாட்டையும் நிறுத்துமாறு பக்கத்து வீட்டார் புத்தி சொல்வர். கல்லிற் கல்சியம் இருப்பதால் இது நியாயம்போலத் தோன்றும், ஆயினும் பிழை. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேறுகின்றது. கல்சியத்தை நிறுத்தினால் ஒட்சலேற்றுத் தடையின்றிச் சிறுநீரகத்தை அடைகின்றது. மீண்டும் மீண்டும் கல் வந்த 120 ஆண்களில் நடத்திய ஆய்வொன்று 2002 இல் வெளியாயிற்று. கல்சியத்தைக் குறைத்த அறுபது பேரில் இருபத்து மூவருக்கு ஐந்து ஆண்டில் மறுபடி கல் வந்தது. கல்சியத்தை வழமைபோல் உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த அறுபது பேரில் பன்னிருவருக்கே வந்தது. ஆகவே குறைக்க வேண்டியது உப்பு. உப்பு மிகின் சிறுநீரிற் கல்சியமும் மிகும். ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே போதும்; நம் வீடுகளிற் கருவாடு, ஊறுகாய், பொதியில் அடைத்த பலகாரம் ஆகியவற்றாலேயே அவ்வளவு சேர்ந்துவிடுகின்றது. நெத்தலியை உண்ண விரும்புவோர் நன்கு நீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிச் சமைப்பாராக.

மரக்கறி செய்வோர் கேட்கும் மற்றொரு வினா கீரையைப் பற்றியது. பசளி, தண்டுக்கீரை, பீற்றூட் ஆகியவற்றில் ஒட்சலேற்று உண்டு என்பதற்காக அவற்றைத் தோட்டத்தினின்று பிடுங்கி எறிய வேண்டியதில்லை. கல் வந்தவர் அவற்றை நிறைந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டிவிடுக. கரையக்கூடிய ஒட்சலேற்றில் நூற்றுக்கு முப்பது முதல் எண்பதுக்கு மேலும் அந்நீருடன் போய்விடும். பின்னர் தயிருடன் உண்பின் அச்சம் மிகக் குறைவு. உயிர்ச்சத்து சீ மாத்திரைகளை அளவின்றி விழுங்குவதும் ஒட்சலேற்றைக் கூட்டும்.

வைத்தியசாலைக்கு விரைய வேண்டிய வேளை

ஐந்து மில்லிமீற்றரிலும் சிறிய கல், அதாவது ஓர் உளுந்தளவு கல், பெரும்பாலும் தானே கழிந்துவிடும். பத்து மில்லிமீற்றருக்கு மேற்பட்டது தானே இறங்குதல் அரிது. எந்தக் கசாயமும் அதனைக் கரைக்காது. உள்ளேயிருப்பது உளுந்தோ புளியங்கொட்டையோ என்பதைப் படமெடுத்தே அறியலாம். கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் இதற்கான சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நோவு வந்தபோது வெந்நீர் ஒத்தடம் சிறிது ஆறுதல் தரும். கல்லைத் தள்ளிவிடலாமென்று அவ்வேளையில் ஒரே தடவையிற் பல போத்தல் நீர் குடித்தலால் நோவு கூடுமேயன்றிப் பயனில்லை.

நோவுடன் காய்ச்சலோ நடுக்கமோ காணின் அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்க. அடைபட்ட சிறுநீரகத்திற் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் முற்றாக நின்றுபோதல், ஓயாத வாந்தி, ஒரே சிறுநீரகம் உள்ளவர்க்கு நோவு, கருவுற்ற தாய்க்கு நோவு ஆகியனவும் விடியும்வரை காத்திருக்கத் தக்கன அல்ல.

நெல் வயலில் இறங்குவோர்க்கு இன்னுமோர் எச்சரிக்கை. காய்ச்சலும் உடல் நோவும் கண்சிவப்பும் சிறுநீர் குறைதலும் எலிக்காய்ச்சலின் குறிகளாகவும் இருக்கலாம். 2008 இல் இந்நாட்டில் ஏழாயிரத்திற்கு மேற்பட்டோர் அந்நோய்ச் சந்தேகத்திற்கு உள்ளாயினர். கல்லென்று எண்ணி வாழைத்தண்டுச் சாறு குடித்து இரண்டு நாளைப் போக்குவது அங்கே உயிரைப் போக்குவதாகும். தாமாக நோவு மாத்திரை வாங்கி விழுங்குதலும் சிறுநீரகத்தைத் தாக்கும். வயலில் இறங்குமுன் உட்கொள்ளும் தடுப்பு மாத்திரைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகுக. மதவாச்சி, கிராந்துருக்கோட்டை முதலிய உலர்வலயப் பகுதிகளிற் கமக்காரரை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோயும் கல்நோயன்று. அது நோவின்றியே வளர்வது. இரத்தப் பரிசோதனையாலேயே வெளிப்படும். அப்பகுதிகளில் நெடுநாள் கமஞ்செய்து திரும்பியோர் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளல் தகும்.

கல் இறங்குமென வைத்தியர் கூறி வீட்டுக்கு அனுப்பிய நாட்களில் ஒவ்வொரு முறையும் சிறுநீரைத் தேயிலை வடியாலோ மெல்லிய துணியாலோ வடித்துப் பார்க்க வேண்டும். (அவ்வடி பின்னர் அடுக்களைக்குத் திரும்பாதபடி பார்த்துக்கொள்வது வீட்டம்மாவின் பொறுப்பு.) அகப்படும் கல் மணல் அளவினதாயினும் எறிந்துவிடற்க. அதனைக் கழுவி உலர்த்தித் தீப்பெட்டியொன்றில் இட்டு, அடுத்த சிகிச்சை நாளிற் கொண்டுசென்று வைத்தியரிடம் கொடுங்கள். அது எவ்வகைக் கல்லென்று ஆராய்ந்த பின்னரே உங்களுக்குரிய உணவையும் மருந்தையும் அவர் திட்டமாகச் சொல்ல இயலும்.